அம்சவள்ளியின் அறுபது விநாடி

அம்சவள்ளி தன் படத்தின் தலைப்பை எழுதிக் கொடுத்தது 1986 ஆகஸ்டு 13, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் எழுத்தராக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியத்தைத் தொழிற்பாடமாக எடுத்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஆண்டு முடிவில் ஒவ்வொருத்தியும் தன் கையால் செய்த ஒரு வேலையை வெளியூர்த் தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டும். அதற்கு நூறு மதிப்பெண். என்ன செய்யப்போகிறாள் என்பதை ஆகஸ்டிலேயே எழுதித் தரவேண்டும். தாள் விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

எட்டுப் பேர் இயற்கைக் காட்சி, துணி அச்சு, களிமண் உருவம், சுவரொட்டி என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது தாளில், 'மல்லாட்டை ஆயும் கை. அசையும் படம். ஒரு நிமிடம்' என்று இருந்தது. எங்கள் பக்கம் நிலக்கடலைதான் மல்லாட்டை.

"எதுல அசையும்?" என்று கேட்டேன்.

"சினிமாக் கொட்டாயில சார். தெரையில."

ஓவிய ஆசிரியை லூர்துமேரி என் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இன்னொரு வாட்டி யோசிடி. அன்னிக்குப் படம் ஓடலைன்னா முட்டைதான் போடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஓடும் டீச்சர்."

அந்த முட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போட அவளுக்கு இந்தத் தேர்ச்சி வேண்டும். அப்பா இல்லை. அம்மா அஞ்சம்மாள் திருவக்கரைக்குப் போகும் சாலையில் ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்து இவளைப் படிக்க வைத்தவர். ஜூன் மாதம் பள்ளிக்கு வந்தபோது என் எதிரிலேயே மகளிடம் சொன்னார்: "ஒரே வாட்டிதான் சொல்லிட்டேன். பெயிலானா மறு வருசம் கெடையாது. எங்கூட கொல்லை வேலைக்கு வந்துடு." கோபமாகச் சொல்லவில்லை. நடக்கக்கூடியதைச் சொன்னார்.

சினிமாப் படம் எப்படி அசைகிறது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். கொட்டகைக்குப் பின்புறம் கிடக்கும் பிலிம் சுருளின் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். இவள் ஒரு சாண் துண்டில் ஒரே முகம் பன்னிரண்டு முறை இருப்பதையும், ஒன்றுக்கொன்று உதடு மட்டும் நூலளவு மாறியிருப்பதையும் பார்த்திருக்கிறாள். அப்படியானால் வெறும் சுருளில் நாமே வரைந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர் சவுரிராயன். லூர்துமேரி டீச்சர் போகும் அதே கோயிலுக்குப் போகிறவர். டீச்சர் சொல்லி வைத்ததால் எந்திர அறைக்குப் படியேற விட்டார்.

"எவ்ளோ நேரம் ஓடணும்?"

"ஒரு நிமிசம்ணே."

"ஒரு நிமிசத்துக்குத் தொண்ணூறு அடி. அடிக்குப் பதினாறு படம். கணக்குப் போட்டுப் பாரு, வூட்டுக்கு ஓடிடுவ."

அவள் சுவரில் விரலால் எழுதிப் பெருக்கினாள். "ஆயிரத்து நானூத்தி நாப்பது."

"இன்னா, ஓடலியா?"

"இல்லண்ணே. வெட்டுத் துண்டெல்லாம் எந்த டப்பாவுல போட்டுக்கினு இருக்கீங்க?"

சவுரிராயன் சிரித்துவிட்டு டப்பாவைக் காட்டினார். துண்டுகளை ஒட்டும் பசை, ஒட்டும் முறை, சுருளைக் கையால் சுற்றும் முறை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சொல்ல வேண்டியதில் ஒன்று மட்டும் விட்டுப்போனது. அது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

துண்டுகளைத் துணி சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் படம் பாசிபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்ணாடி மாதிரி சுருள் மிஞ்சும். செப்டம்பர் முழுவதும் அவள் இதைத்தான் செய்தாள். இருபத்தெட்டுத் துண்டுகள், ஒட்டுகள் இருபத்தேழு. வழவழப்பில் மை நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டது. மையில் பசையும் துளி சோப்பும் கலந்து பார்த்து, ஆறாவது கலவையில் நிறுத்தினாள். கலவையின் அளவை என்னிடம் சொன்னாள், எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் வந்து, "சார், விநாடி முள்ளு இருக்கற கடியாரம் ஒண்ணு வேணும். எங்கம்மா கை ஒரு நிமிசத்துக்கு எத்தினி வாட்டி வீசுதுன்னு பாக்கணும்," என்றாள். பள்ளிக் கடிகாரம் ஆணியை விட்டு இறங்கக்கூடாது. என் கைக்கடிகாரத்தை யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை. ஆகவே 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நானே போனேன்.

பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளைக் குவித்து வைத்துப் பதினொரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இடது கையில் செடிக்கொத்து. வலது கை வேரிலிருந்து காய்களை உருவி, பார்க்காமலே இடப்பக்கக் கூடையில் வீசும். நான் கடிகாரத்தோடு அஞ்சம்மாளுக்கு எதிரில் நின்றதும் பேச்சு கிளம்பிவிட்டது.

"யாரு அஞ்சம்மா இவரு, புது மேஸ்திரியா?"

"பள்ளிக்கொடத்து சாருடி. எங் கைய எண்ண வந்துக்கறாரு."

"கையத்தான? ரெண்டுதான்னு சொல்லி அனுப்பு."

"சாரு, எனக்கும் எண்ணுங்க. இவளவிட நாந்தான் வெரசா ஆயறேன்!"

ஐந்து முறை எண்ணினேன். 39, 41, 40, 40, 38. அம்சவள்ளி நாற்பது என்று வைத்துக்கொண்டாள். அப்படியானால் ஒரு வீச்சுக்கு முப்பத்தாறு படம். ஒரு வீச்சில் இரண்டு முதல் நான்கு காய்கள். அவள் என் எண்ணிக்கையோடு திருப்தி அடையவில்லை. அம்மாவின் மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, எந்த விரல் கடைசியாக விடுகிறது என்று மண்ணில் குச்சியால் வரைந்துகொண்டே இருந்தாள். நான் கிளம்பும்போது அவளைச் சுற்றி முப்பது கைகளாவது தரையில் இருந்திருக்கும். அதை நான் எண்ணவில்லை.

வரைவது அக்டோபர் 20ஆம் தேதி தொடங்கியது. வீட்டு வாசலில் ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கடியில் சாய்த்து வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் கீழிருந்து மேலே அடிக்கும். முந்தைய படத்தின் மேல் சுருளின் அடுத்த கட்டத்தை வைத்துக் கோடு போடலாம். ஒவ்வொரு கட்டமும் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் வரை, மாலையில் வெளிச்சம் இருக்கும் வரை. நவம்பர் மழையில் பதினொரு நாள் வெயிலே இல்லை. மற்ற நாட்களில் பதினான்கு, பதினைந்து கட்டங்கள். 1987 பிப்ரவரி 5ஆம் தேதி 1440ஆவது கட்டம் முடிந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு, காலை எட்டு மணிக்கு ஓட்டிப் பார்ப்பதற்குச் சவுரிராயன் சம்மதித்தார். கொட்டகையில் அம்சவள்ளி, அஞ்சம்மாள், லூர்துமேரி டீச்சர், நான். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கை வந்தது, மாட்டு வண்டி அகலத்துக்கு. செடியைப் பிடித்தது, உருவியது.

"ஐயே, எங் கையா அது!" என்றார் அஞ்சம்மாள். "நகத்துல மண்ணுகூட இருக்குதே!"

அவர் முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. மாவு எந்திரத்துக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். காய்கள் இடப்பக்கமாகப் பறந்து போயின. போன இடத்தில் கூடை இல்லை. படம் அங்கே வெட்டுப்பட்டு, திரையின் கறுப்பு ஓரம்தான் இருந்தது. அறுபது விநாடியும் இப்படியே போனது.

சவுரிராயன் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அடிப்பாவிப் பொண்ணே, இந்த ஓரத்து ஓட்டையிலருந்து அந்த ஓரத்து ஓட்டை வரைக்கும் வரஞ்சி வெச்சிருக்கியே! இந்த எடது ஓரம் படத்துக்கு இல்ல. சவுண்டுக்கு. இதுல இன்னா கோடு இருந்தாலும் மிஷினு அத சத்தமாப் படிச்சிடும். ஒவ்வொரு படத்துலயும் கூடைய வரஞ்சிருக்க. கூடைதான் கத்துது."

"பழைய துண்டுல அந்த ஓரத்துல வெள்ளையா கோணக் கோடு போச்சிண்ணே. அழுக்குன்னு நெனச்சேன். நல்லா தேச்சிக் கழுவிட்டேன்."

"அதாம்மா பாட்டும் வசனமும்!"

லூர்துமேரி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆறாங் கிளாஸ்லருந்து சொல்றேன், நோட்டுல ஓரம் விட்டு எழுதுடீன்னு. கேட்டியா?"

உண்மைதான். அவளுடைய நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டு ஆண்டு முழுதும் வரவேண்டும் என்பதால் விளிம்பிலிருந்து விளிம்புவரை எழுதுவாள். அவர்கள் வேலை செய்யும் கொல்லைகளிலும் வரப்பின் ஓரத்தை யாரும் வெறுமனே விடுவதில்லை. ஆமணக்கோ துவரையோ ஊன்றிவிடுவார்கள். இரண்டரை மில்லி மீட்டர் அகலத்துக்குச் சுத்தமான இடம் கிடக்கும்போது அதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. கூடையை அங்கே வைத்துவிட்டாள்.

தேர்வு பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, விழுப்புரத்தில். இடையில் பதினொரு நாள்.

"சவுண்ட மூடிட்டா போச்சி," என்றார் சவுரிராயன். "ஊமப் படமா ஓட்டிடு."

"கூடை?" என்றார் டீச்சர். "காய் எங்க போவுதுன்னே தெரியலியே. அரை வேலைன்னு எழுதிடுவாங்க. திரும்பவும் எல்லாத்தையும் உள்ள தள்ளி வரையவும் முடியாது."

அம்சவள்ளி அழவில்லை. "அண்ணே, இன்னொரு வாட்டி ஓட்டுங்க," என்றாள். "சத்தத்தோட."

ஓட்டினார். இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "டர்ருக்கு நடுவுல டப்பு டப்புன்னு ஒண்ணு வருது. அது இன்னா?" என்று கேட்டாள்.

சவுரிராயன் சுருளைப் பார்த்தார். கூடைக்குள் விழும் காய்களையும் அவள் வரைந்திருந்தாள். காய் வந்த கட்டங்களில் கறுப்பு கூடுதல், அதுதான் டப்பு. எந்திரத்தில் சத்தம் படிக்கும் இடம் படம் காட்டும் இடத்துக்குக் கீழே இருக்கிறது என்பதையும் சொன்னார். ஓரத்தில் உள்ளது, அதே கட்டத்துப் படம் திரையில் போன பிறகு, கிட்டத்தட்ட ஒரு விநாடி கழித்துத்தான் காதுக்கு வருமாம்.

"அப்ப காய் தெரைய வுட்டுப் போவுது. கொஞ்சம் பொறுத்து சத்தம் வருது."

"ஆமா."

"கூடையில வுழற மாரியே."

சவுரிராயன் சுருளை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். டீச்சர்தான், "நீ இன்னாடி சொல்ல வர்ற?" என்றார்.

"கூடைய சுரண்டிடறேன் டீச்சர். காய மட்டும் புள்ளியா வுட்டுடறேன். கூடை தெரிய வேணாம். கேட்டாப் போதும்."

"ஆயிரத்து நானூறு கூடையா?"

"ஆயிரத்து நானூத்தி நாப்பது."

மறுநாள் அவளுடைய விடுப்புக் கடிதம் என் மேசைக்கு வந்தது. பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது வயிற்றுவலி அல்லது காய்ச்சல். இவள், 'என் படத்திலிருந்து கூடைகளைச் சுரண்ட வேண்டியிருப்பதால் எனக்கு ஐந்து நாள் விடுப்பு அளிக்குமாறு' என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியை இரண்டு முறை படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சவர பிளேடைப் பாதியாக உடைத்து, சுருள் கீறிப்போகாமல் மையை மட்டும் எடுக்க வேண்டும். முதல் நாள் தொண்ணூறு கூடைகள்தான் முடிந்தன. நாளுக்கு நூற்று முப்பத்தொன்று முடித்தால்தான் கணக்குச் சரியாகும். மூன்றாம் நாள் நூற்று எழுபதைத் தொட்டாள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்ததாக டீச்சர் வந்து சொன்னார். நாற்பது வீச்சுக்கும் சேர்த்து நூற்றுப் பதினேழு காய்கள். காய்க்கு ஒரு புள்ளி. 19ஆம் தேதி வியாழக்கிழமை மாலை வேலை முடிந்தது. அன்று கொட்டகையில் காட்சி நடந்துகொண்டிருந்ததால் ஓட்டிப் பார்க்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு விழுப்புரம் பஸ் ஏறினோம். மதிப்பெண் பதிவேடும் முத்திரையும் என் பொறுப்பு. அஞ்சம்மாள் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தார். சுருள் ஒரு தகர டப்பாவில், அம்சவள்ளியின் மடியில். விழுப்புரத்தில் ஒரு கொட்டகையில் காலைக் காட்சிக்கு முன்னால் பத்து நிமிடம் தருவதாகச் சவுரிராயன் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

தேர்வாளர் சீனுவாசன் வேறு ஊரில் ஓவிய ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். மடித்த குடையோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். ஒன்பது நாற்பத்தைந்துக்குப் படம் ஓடியது. கை வந்தது, உருவியது, வீசியது. காய்கள் இடப்பக்கம் போய் மறைந்தன. சத்தம் எதுவும் இல்லை.

இரண்டாவது வீச்சிலேயே அம்சவள்ளி எழுந்து நின்றாள். "சவுண்ட மூடி வெச்சிருக்காங்க டீச்சர்," என்றாள். படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். டீச்சரும் பின்னால் ஓடினார்.

படம் முடிந்து விளக்கு வந்தது. "கோடு நல்லாருக்கு," என்றார் சீனுவாசன். "காய் எங்க போவுது? கூடை எங்க?" தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். நான் அடுத்த நாற்காலியில் இருந்தேன். 'முழுமை பெறவில்லை' என்று இருந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மேலே நடந்ததை டீச்சர் அன்றே எனக்குச் சொன்னார். எந்திர அறைக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பொம்பளப் புள்ளைங்க உள்ள வரக்கூடாது."

"வரல சார். சவுண்ட மட்டும் தொறந்து இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

"ஊமப் படத்துக்கு இன்னா சவுண்டு? கத்தி ஸ்பீக்கரு போச்சின்னா மொதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?"

"நானே சொல்றேன் சார்."

"சொல்லுவ சொல்லுவ. பத்து மணிக்கு ஆள உள்ள உடணும். இதத் திருப்பிச் சுத்தறதுக்கே நேரம் இல்ல. பேஜாரு பண்ணாத, எறங்கு."

"குடுங்க, நா சுத்தறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளே நுழைந்து, சுற்றும் மேசையில் சுருளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஒட்டு வரும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்துச் சுற்றியதை அந்த மனிதர் பார்த்திருக்கிறார். அவருக்கு அது போதுமாக இருந்தது. "சரி, ஜல்தி," என்று சொல்லிவிட்டு ஒலிக் குமிழைத் திருப்பினாராம்.

கீழே நான் தேர்வாளரின் வழியில் நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, இன்னும் ஒரு தடவை பார்க்கணும்."

"அதான் பாத்தாச்சே. எட்டுப் பேர் காத்துக்கினு இருக்காங்க."

"அறுபது விநாடிதாங்க."

"நீங்க யாரு?"

"எழுத்தருங்க."

அவர் என்னையும் என் பதிவேட்டையும் பார்த்தார். விளக்கு அணைந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டு. அவர் உட்காரவில்லை, குடையை ஊன்றி நின்றபடியே பார்த்தார்.

கை வந்தது, உருவியது, வீசியது. காய்கள் திரையை விட்டுப் போயின. வெறுமையாக ஒரு கணம். பிறகு இருட்டில், டப், டப். கை மறுபடி வீசியது. டப், டப், டப். மூன்றாவது வீச்சில் சீனுவாசன் தலையைத் திருப்பித் திரைக்கு இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு தீயணைப்பு வாளி மட்டும் தொங்கியது. ஐந்தாவது வீச்சிலும் பார்த்தார். அதன் பிறகு உட்கார்ந்துவிட்டார். ஒட்டுகள் வந்தபோது சில பொய்ச் சத்தங்களும் கேட்டன. அவற்றை நானும் அம்சவள்ளியும் மட்டும்தான் கவனித்திருப்போம்.

விளக்கு வந்ததும் முதலில் பேசியது அஞ்சம்மாள்தான். "எல்லாம் முத்தலாவே வுழுது. ஒரு செடியில பிஞ்சு இருக்காதா? பிஞ்சு வுழுந்தா இப்படிக் கேக்காது."

"என்னம்மா சொல்றீங்க?" என்று சீனுவாசன் திரும்பினார்.

அஞ்சம்மாள் எழுந்து நின்றார். "இல்லீங்க ஐயா, சும்மா. பிஞ்சு சத்தம் வேறன்னு சொன்னேங்க."

அம்சவள்ளி படியிறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவர் அவளிடம், "ஓரத்துல வரஞ்சது நீயா, இல்ல யாராவது போட்டுக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"நாந்தான் சார். மொதல்ல தப்பா வரஞ்சேன். அப்புறம் சுரண்டினேன்."

அவர் ரப்பரை எடுத்துப் பென்சில் வரியை அழித்தார். பேனாவால், 'கூடை காட்டப்படவில்லை. கேட்கிறது' என்று எழுதினார். எல்லைக் கோடு போடாததற்கும் தலைப்பு எழுத்து இல்லாததற்கும் குறைத்துக்கொண்டு நூற்றுக்கு எழுபத்தொன்று போட்டார். நான் அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி முத்திரை வைத்தபோது மணி பத்து அடிக்க மூன்று நிமிடம். வெளியே சீட்டு வாங்கியவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் தாயும் மகளும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

"பிஞ்சுக்கு சின்னப் புள்ளி வெச்சிப் பாத்தேம்மா. அவ்ளோ சின்னது மிஷின்ல கேக்காதுன்னு எடுத்துட்டேன்."

"கேக்கலன்னா வேற மாரி வெச்சிப் பாரு."

"பாஸாயிட்டேன்மா. எழுவத்தியொண்ணு."

"அது சரி," என்றார் அஞ்சம்மாள். "பட்டணத்துக்கு எப்ப போவணுமாம்?"

பொதுத் தேர்வு முடிவு மே 25 அன்று வந்தது; எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. ஜூன் 1, திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு அவள் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிச் சென்னை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.